புரோட்டான் தீட்டும் காந்தப் படங்கள்

லேசரால் உண்டாகும் பிளாஸ்மாவில் காந்தப்புலம் தானாகவே பிறக்கிறது. கம்பிச்சுருளோ காந்தமோ அதற்கு வேண்டாம். ஒரு நானோவினாடியே நீடிக்கும் லேசர்த் துடிப்பு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் விழுந்ததும், அந்த இடம் பிளாஸ்மாக் குமிழாகப் புடைக்கிறது. எலக்ட்ரான் அடர்த்தி தகட்டை நோக்கிக் கூடுகிறது. வெப்பநிலையோ குமிழின் நடு அச்சை நோக்கிக் கூடுகிறது. திசைகள் இப்படி வேறுபடுவதால் சுழலும் மின்புலம் எழுந்து, குமிழின் விளிம்பைச் சுற்றி வளையமாகக் காந்தப்புலம் வளர்கிறது. விண்மீன்களின் காந்தப்புலத்துக்கு மூலம் தேடிய லுட்விக் பியர்மன் 1950-இல் சொன்ன வழிமுறை இதுவே. புலத்தின் வலிமை 50 டெஸ்லா அளவை எட்டும். பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு.

கண்ணுக்குத் தெரியாத இப்புலத்தைப் படமாக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில், 60 கற்றைகள் கொண்ட ஒமேகா லேசரைக் கொண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லி, பெட்ராசோ குழுவினர் இதை நேர்த்தியாக்கினர். டியூட்டீரியமும் ஹீலியம்-3உம் அடைத்த சிறு கண்ணாடிக் கோளத்தைச் சில கற்றைகள் நசுக்க, அணுக்கருப் பிணைவில் 14.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்கள் தெறிக்கின்றன. அந்தத் தெறிப்பு நானோவினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீடிப்பதால் படம் கலங்குவதில்லை. குமிழின் ஊடே பாயும் அவற்றைப் புலம் விலகச் செய்கிறது. ஆற்றல் ஒரே அளவாக இருப்பதால் அந்த விலகலைக் கொண்டே புலத்தை அளக்கலாம். வழியிலுள்ள வலை புரோட்டான்களைச் சிறு கற்றைகளாகப் பிரிக்கிறது. சி.ஆர்-39 பிளாஸ்டிக் தகடு அவற்றை வாங்கிக்கொள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடில் அரித்தெடுத்தால் ஒவ்வொரு புரோட்டானின் தடமும் குழியாகத் தெரியும்.

புள்ளிக் கோலத்தில் இடம் தவறிய புள்ளி உடனே கண்ணில் படுவதுபோல், இப்படத்தில் வரிசை பிசகிய இடமெல்லாம் புலத்தைக் காட்டுகிறது. மின்புலமும் புரோட்டானைத் திருப்பலாம் என்ற ஐயத்தைத் தீர்க்கும் வழி எளிமையில் அழகானது. லேசர் விழும் தகட்டின் மறுபக்கத்திலிருந்து புரோட்டான்களைச் செலுத்தினால், காந்தப்புலம் தந்த விலகல் எதிர்த்திசைக்கு மாறும். மின்புலம் தந்தது மாறாது.

இக்குழு 2007-இல் வெளியிட்ட படங்கள் இக்கலையின் உச்சம். லேசர் ஒளிரும்வரை குமிழ் வட்டம் குலையாமல் வளர்கிறது. லேசர் நின்ற பின்னும் அது விரிகிறது. ஆனால் விளிம்பு ஒழுங்கிழந்து நெளிகிறது. அழுத்தம் மிகுந்த பிளாஸ்மாவும் அதைச் சூழ்ந்த புலமும் இடம் மாறிக்கொள்ள முயலும் நிலையின்மை அது.

அருகருகே இரு குமிழ்களை எழுப்பினால் காந்தப்புலத்தின் மறுஇணைப்பைக் காணலாம். இரு வளையங்களும் ஒரே சுழற்சியில் அமைவதால், குமிழ்கள் முட்டும் இடத்தில் புலங்கள் எதிரெதிராகின்றன. அங்கே புலக்கோடுகள் அறுந்து, அடுத்த குமிழின் கோடுகளோடு சேர்கின்றன. புலத்தின் ஆற்றல் துகள்களின் வெப்பமாகவும் வேகமாகவும் மாறுகிறது. சூரியச் சுவாலைகளிலும் நிகழ்வது இதே மறுஇணைப்பு. படத்தில் முட்டும் பட்டையில் மட்டும் புள்ளிகளின் விலகல் வெகுவாகக் குறைந்திருப்பது, அங்கே புலம் அழிந்ததற்குச் சான்று.