மரண சாசனமும் மயக்க காலமும்

தமக்குப் பின் தம் சொத்து இன்னாரைச் சேரவேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கும் சாசனத்தை இலங்கைச் சட்டமும் இந்தியச் சட்டமும் ஒருங்கே அங்கீகரிக்கின்றனவெனினும், அதன்மீது கொள்ளவேண்டிய சந்தேகத்தை எந்தக் கட்டத்தில் கொள்வது என்பதில் அவை இரண்டும் வேறுபடுகின்றன. இலங்கை, கையெழுத்திடும் வேளையிலேயே காவல் நிறுத்துகிறது. இந்தியாவோ எழுதுவோரைத் தடையின்றி எழுதவிட்டு, அவர் மாண்டபின் நீதிமன்றத்தில் விசாரிக்கிறது.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண சாசனம் பிரசித்த நொத்தாரிசு ஒருவருக்கும் சாட்சிகள் இருவருக்கும் முன்னிலையில் கையொப்பமாக வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் ஒரே சமயத்தில் கூடியிருக்க வேண்டும். குடும்ப இரகசியத்தை ஐவர் கூடிய சபையில் வெளியிட எவர்தாம் துணிவர்? ஆதலால் ஜனங்கள் பெரும்பாலும் நொத்தாரிசையே நாடுகின்றனர். நான்காண்டுகளுக்குப் பின் வந்த 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், பிள்ளைகளுக்கு இவ்வளவு விட்டுத்தான் ஆகவேண்டும் என்றிருந்த ரோமன்-டச்சுக் கட்டுப்பாட்டை நீக்கி, தம் ஆதனத்தை விரும்பியவருக்கு எழுதும் பூரண சுதந்திரத்தை அளித்தது. எனினும் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவர் மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்துக்குத் தனி விதிகள் உண்டு.

இந்தியாவிலோ 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளை மாத்திரமே. அவ்விருவரும் ஒருசேர இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமன்று. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் வசதியுள்ளோர் பலர் சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைப் பதிந்தாலன்றி நிம்மதி அடைவதில்லை. இவ்வளவு எளிதாக எழுதப்பட்ட சாசனம் பிற்பாடு கடுமையான பரீட்சைக்கு உள்ளாகிறது. உயிலைச் சூழ்ந்த சந்தேகங்களை நீக்கும் பாரம் அதை முன்வைப்பவரையே சார்ந்தது என்று 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக உரைத்த நியாயம் இன்றுவரை பின்பற்றப்படுகிறது. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இறந்துபோனபின் நடக்கும் விசாரணை அது என்பதால், இவ்விஷயத்தில் இலங்கையின் முறையே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் மரணத்துக்கு முன்னர் ஒரு மயக்க காலம் உண்டு. பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ சித்தசுவாதீனம் இழந்து, உயிரோடிருந்தும் கையொப்பமிட இயலாதவராய் ஒருவர் கிடக்கும் அந்தக் காலத்துக்கு, மரித்தோருக்காக இத்தனை யோசித்த இவ்விரு சட்டங்களும் பெரிதாக ஏதும் செய்யவில்லை என்றே கூறலாம். இலங்கையில் அற்றோணித் தத்துவம் என்றும் தமிழ்நாட்டில் பொது அதிகாரப் பத்திரம் என்றும் வழங்கும் ஆவணத்தை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் போதும் என்று நம்புவோர் இரு கரையிலும் அநேகர். அவ்வதிகாரமோ கொடுத்தவரின் புத்தி தெளிவாயுள்ளவரையில்தான் செல்லுபடியாகும். எந்த விபத்துக்காக அதை எழுதினாரோ அந்த விபத்து நேர்ந்த கணமே அது செயலற்றுப்போகிறது. மேனாடுகள் சிலவற்றில் புத்தி பேதலித்த பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குச் சட்டம் இடந்தருகிறது; நமக்கு அது வாய்க்கவில்லை. கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் யாழ்ப்பாணத்து முதியவர் ஊரிலுள்ள காணியைக் கவனிக்க மருமகனுக்குத் தத்துவம் அனுப்பியிருந்து, பின்னர் நினைவிழந்துவிட்டால், அச்செய்தி ஊருக்கு எட்டிய பின்னரும் உறுதிகள் எழுதப்படுமாயின் பிற்காலத்து வழக்குக்கு அன்றே வித்திட்டதாகும்.

அந்நிலையில் இலங்கைக் குடும்பத்தார் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, விசாரணைக்குப் பின் ஆதனத்துக்கு முகாமையாளரை நியமிக்கச் செய்யலாம். இந்தியாவின் ஸ்திதி விசித்திரமானது. மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த ஏற்பாடு, அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெறவில்லை. நினைவிழந்து கிடப்பவரின் வங்கிக் கணக்கை இயக்குவதற்கும் மனைவி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடவேண்டியதாயிற்று; 2019இல் கேரள உயர்நீதிமன்றம் இதற்கென்று நெறிமுறைகளை வகுத்தது.

சொத்தை விட்டு உடலை நோக்கினால் இந்தியா முந்துகிறது. மீளமுடியாத நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது; மாஜிஸ்திரேட்டின் ஒப்பம் வேண்டும் என்ற கடினமான நிபந்தனையை 2023இல் தளர்த்தி, இரு சாட்சிகளுடன் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. கோடி ரூபாய்ச் சொத்தைக் கொடுக்க நோட்டரியைக் கேளாத தேசம், சுவாசக் கருவியை மறுக்க அவரைக் கேட்கிறது! ஹட்சன் சில்வாவின் முயற்சியால் 1961இல் கண்தான சங்கம் கண்டு, பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பி வந்துள்ள இலங்கையிலோ, இறந்தபின் கண்ணை ஈவதற்கு வழி செவ்வையாயிருக்க, இறக்குமுன் சிகிச்சையை மறுத்து எழுதும் ஆவணத்துக்கெனத் தனிச் சட்டம் எழவில்லை.

ஆகவே நம்மவர் இரு நாட்டிலும் பழகிய வேறொரு வழியையே பற்றுகின்றனர்: புத்தி தெளிவாக இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்கு மாற்றி, தம் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை மாத்திரம் நிறுத்திக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் சீவிய உரித்து வைத்து எழுதும் நன்கொடை உறுதியும், தமிழ்நாட்டில் ஆயுள் பாத்தியத்துடன் கூடிய செட்டில்மெண்ட் பத்திரமும் இதற்கே. கொடுத்தபின் பிள்ளை கைவிட்டால் என் செய்வது? இலங்கையில், மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தாலும், பெற்றவர் பெரும் நன்றிகேடு புரிந்தமை நிரூபணமானால் நீதிமன்றம் அக்கொடையை ரத்துச் செய்ய ரோமன்-டச்சுச் சட்டம் இடமளிக்கிறது. இந்தியாவில் மூத்தோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டின் சட்டத்து 23ஆம் பிரிவு அத்தகைய பரிகாரத்தைத் தருகிறதெனினும், பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தாலே அது பயன்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வந்த தீர்ப்புகள் சில சற்றுத் தாராளமாக நோக்கினாலும், அந்த ஒரு வாக்கியம் பத்திரத்தில் இருப்பதே பத்திரம். பெற்ற மகனை அவமதிப்பதாகும் என்று கூசி, பத்திர எழுத்தர் கேட்டபோதும் அது வேண்டாமென்று விட்டுவிடும் தாய்மார் நம்மிடையே அநேகர்.