கதைக்கு உயிராவது எது?

கதையின் உறுப்புகள் யாவை என வினவினால் நிகழ்ச்சி, பாத்திரம், களம், காலம், நோக்கு என அடுக்கிச் சொல்லிவிடுகிறோம். இவை யாவும் அமைந்திருந்தும் நெஞ்சில் தங்காத கதைகள் பல. குறை எங்கே உள்ளது?

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது கௌதள்ளி. 1956-இல் மாநில எல்லைகள் மாறும் வரை கொள்ளேகால வட்டம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இப்பகுதியில், கம்சாளை எனும் வெண்கலத் தாளத்தைத் தட்டி மாதேசுவரன் காவியத்தைக் கன்னடத்தில் பாடுவர். அதன் ஒரு பகுதி சங்கம்மையின் கதை.

காட்டிற்குள் செல்லவிருக்கும் சோலிகன் நீலேகௌடன், தான் இல்லாத நாளில் கற்பு தவறேன் என்று ஆணையிடுமாறு மனைவியைக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவளைக் கொடுமைப்படுத்திவிட்டு அவன் பிரிகிறான். மாதேசுவரன் அவளைக் காத்து மக்கட்பேறு அருள்கிறான்.

தொல்காப்பியர் அகப்பாட்டுக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்ப்போம். காடு முதற்பொருள், வேட்டுவ வாழ்வு கருப்பொருள், பிரிவு உரிப்பொருள். எனினும், பிரிவு மட்டும் கதையாகிவிடாது. ஆணையிட்டிருந்தால் சங்கம்மைக்குத் துன்பமில்லை, நமக்குக் கதையுமில்லை. அவளது மறுப்பே பாத்திரத்தைக் காட்டுகிறது, நிகழ்ச்சியையும் நடத்துகிறது. உறுப்புகள் இரண்டும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

தெய்வம் தோன்றித் துயர் தீர்ப்பது கதைக்கட்டைத் தளர்த்தாதா எனச் சிலர் கேட்கலாம். அருள் வருவது அவள் உறுதி வெளிப்பட்ட பின்னரே. ஆதலின் அவளது செயலை அது பறித்துக்கொள்ளவில்லை என்பதே நம் கருத்து.

நோக்கும் இத்தகையதே. வ.வே.சு. ஐயர் 1915-இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை மரமே சொல்கிறது. ருக்மிணியின் துயரைக் காணும் மரத்தால் அதைத் தடுக்க இயலாது. அந்த இயலாமையே சோகத்தை ஆழமாக்குகிறது. மரத்தை நீக்கி ஆசிரியரே சொல்லியிருப்பின் செய்தி எஞ்சும், வேதனை குன்றும்.

ஆகவே, உறுப்புகளை எண்ணிப் பார்ப்பது திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஒன்றை நீக்கினால் மற்றவை நிலைகுலைகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். எழுதப் புகும் இளைஞர், மலையையும் காட்டையும் வருணிக்குமுன், தம் கதைமாந்தர் எதற்கு இணங்க மறுக்கின்றனர் என்று தம்மையே வினவிக்கொள்வாராக. எல்லைகள் மாறலாம், மொழி வேறாகலாம். அந்த மறுப்பு மட்டும் கேட்போர் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.