திருச்சிப் பக்கம் தொங்கும் மூன்று சூரியன்கள்

டெல்லிக்காரர் தெற்கே எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அது அவர் கண்ணில் படுவது துர்லபம். லண்டன்காரருக்கு ஜென்மத்துக்கும் கிடையாது. வேப்பூர் கூட்டுரோட்டு வெளிச்சத்தை விட்டு விலகி, மக்காச்சோளம் அறுத்த கொல்லையில் நின்று தெற்கே திரும்பினால் போதும், நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆல்பா சென்டாரி! சூரியனை விட்டால் நமக்கு ஆகப் பக்கத்தில் இருக்கும் விண்மீன் குடும்பம்.

மே மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கு வெளியே வாருங்கள். கையை நீட்டி, அடிவானத்தின் மேல் இரண்டு முஷ்டி அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம். 18 பாகையைத் தாண்டாது. மஞ்சளாக, தைரியமாக நிற்பது ஆல்பா சென்டாரி. அதற்கு வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையில் ஹதார் என்ற விண்மீன். இரண்டையும் இணைத்துக் கோட்டை நீட்டினால் தென்சிலுவை. நேரம் போகப் போக மூன்றும் திருச்சிப் பக்கம் சாயும். இரவு வானத்தின் மூன்றாவது பிரகாசமான விண்மீன் ஆல்பா சென்டாரி. இதை அறியாமலா இத்தனை ஆயிரம் பேர் வேப்பூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியுமுன்னே வந்து போகிறார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கண்ணுக்கு ஒன்றுதான். என் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்த அந்தக் கணம்… அடேயப்பா! ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பெரியது மஞ்சள், சின்னது கொஞ்சம் ஆரஞ்சு. அடிவானத்தை ஒட்டி இருப்பதால் காற்றில் தளும்பும். விருத்தாசலம் பீங்கான் சூளையின் பார்வைத் துளை வழியே உள்ளே பார்த்தவர்களுக்கு அந்தத் தகதகப்பு தெரியும். பைனாகுலரில் பிரியாது, வீண் முயற்சி வேண்டாம்.

இரண்டும் நம் சூரியனைப் போன்றவையே. ஒன்று சற்றுக் கனம், மற்றது சற்று இளைப்பு. ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள். நெருங்கும்போது இடைவெளி சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடச் சிறிது அதிகம். விலகும்போது நெப்டியூனையும் தாண்டிய தூரம். இன்று நான் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி நாலு வருஷத்துக்கும் மேலாகிறது.

இதைவிட என்னைத் தலைகால் புரியாமல் ஆக்கிய விஷயம் வேறு. அது இரட்டை என்று முதலில் கண்டவர் அதை எங்கிருந்து பார்த்தார் தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து! ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார். பதினான்காம் லூயி மன்னர் சயாமுக்கு அனுப்பிய குழுவில் வந்தவர். 1688இல் அங்கே ஆட்சி கவிழ, புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்து 12 அடி நீளத் தொலைநோக்கியைத் திருப்பியவருக்கு இந்த ஜோடி அகப்பட்டது. டிசம்பரில் இது விடியலுக்கு முன்புதான் தென்கிழக்கில் தலைகாட்டும். மார்கழிக் குளிரில் கண்விழித்த அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

இந்தக் குடும்பத்தின் மூன்றாவது ஆள் பிராக்சிமா. சிவப்புக் குள்ளன், வெறுங்கண்ணுக்கு எட்டாது. என் டெலஸ்கோப்பிலும் நம்பிக்கையில்லை. 1915இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராபர்ட் இன்னஸ் பிடித்தார். தூரம் 4.24 ஒளியாண்டு, மூவரில் நமக்கு அண்டை வீடு இதுதான். அந்த இருவரை ஒரு சுற்றுச் சுற்ற இதற்கு ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். 2016இல் இதற்கு ஒரு கோளும் இருப்பது தெரியவந்தது.

அப்படியே முதுகைத் திருப்பி வடக்கே பாருங்கள். அதே மே மாத இரவில் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் நல்ல உயரத்தில் இருப்பார்கள். வசிஷ்டர் நாலு, அருந்ததி இரண்டு, ஆக ஆறு விண்மீன்கள். அருந்ததியின் துணை தெரியவந்ததே 2009இல்தான். கல்யாணத்தில் பட்டப்பகலில் ஐயர் அருந்ததி என்று விரல் நீட்ட, எந்த மாப்பிள்ளை அதைப் பார்த்தார்? வைகாசி முகூர்த்தத்துக்குப் போனால் ராத்திரி மண்டபத்து மொட்டை மாடிக்கு மாப்பிள்ளை பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுவேன். என்னை விலக்கி வைத்தாலும் சரி.

ஆல்பா சென்டாரியை ஆடிக்குத் தள்ளிப்போடாதீர்கள். மேகம் மூடும், தெற்கே நிமிர்ந்து நின்ற அது இருட்டும்போதே மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். வைகாசி, ஆனிக்குள் பார்த்துவிடுங்கள்.