சிறைவாசலில் கிடைத்த மொழி

1910இல் ஜெர்மனியில் பிறந்த கூர்ட் மேயர்-கிளாசன், பருத்தி வணிகத்தின் பொருட்டுப் பிரேசில் சென்றவர். இரண்டாம் உலகப்போரின்போது, ஜெர்மனிக்காக உளவு பார்த்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில், அந்நாட்டின் இல்யா கிராண்டே தீவில் சிறைவைக்கப்பட்டார். இலக்கியம் அவரை ஆட்கொண்டது அங்கேதான்.

தாயகம் திரும்பியபின், கிமராயிஸ் ரோசா போர்த்துக்கீசிய மொழியில் படைத்த 'கிராண்டே செர்ட்டாவோ' நாவலை 1964இல் ஜெர்மனில் தந்தார். சாத்தான் உண்டா, இல்லையா என்று முதுமையில் தவிக்கும் முன்னாள் கொள்ளையன் ஒருவனின் நெடுங்கூற்று அந்நூல். புதுச்சொற்களும் முறிந்த தொடர்களுமாய் அவன் பேச்சு தடுமாறுகிறது. மொழிபெயர்ப்பாளர் அதனை நேராக்கி, விளக்கித் தெளிவாக்கிவிட்டார் என்பர் திறனாய்வாளர். நாமும் அதை மறுப்பதற்கில்லை. பேச்சின் தடுமாற்றம் குறையும்போது, ஆன்மாவின் தவிப்பும் சற்றே குறைந்துவிடுகிறதன்றோ!

எனினும், ரோசாவுக்கு ஆண்டுக்கணக்கில் மடல் எழுதி, சொல் சொல்லாய் ஐயம் கேட்டுத் தெளிந்த அவரது பணிவை நாம் மறக்கலாகாது. 1969 முதல் 1976 வரை லிஸ்பனில் கோத்தே நிறுவனத்தின் இயக்குநராகவும் பணிபுரிந்த அவர், 2012இல் தமது 101ஆம் வயதில் மறைந்தார்.

அவரது மொழிபெயர்ப்பைப் பிறர் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆயினும், தம்மை அடைத்துவைத்த நாட்டின் சொல்லையே தம் மக்களுக்கு விருந்தாக்கிய அந்த நெஞ்சம் நம் வணக்கத்துக்குரியது.