கிரீஸுக்கு அடியில் ஓர் எண்

காயலான் கடைக்குப் போகும் நீராவி என்ஜினில் முதலில் காணாமல் போவது பித்தளைப் பெயர்ப்பலகை. ஆனாலும் என்ஜினின் ஜாதகம் அழிந்துவிடாது. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் இருந்த காலத்து ஒய்.பி., ஒய்.ஜி. என்ஜின்களில் சக்கரங்களை இணைக்கும் சைடு ராடைப் பார்க்க வேண்டும். கறுத்த கிரீஸை விரலால் வழித்தால் சுத்தியலால் குத்திய என்ஜின் எண் தட்டுப்படும். ஓர் இலக்கம் சற்றே சாய்ந்திருக்கும், குத்தியவரின் கைவாகு. மினுக்கிய பலகையைவிட எனக்கு இதுதான் அழகு. பணிமனையில் பாகங்களை மாற்றி மாட்டுவார்கள் என்பதால், ஒரே என்ஜினில் இடப்பக்கம் ஓர் எண்ணும் வலப்பக்கம் வேறொன்றும் இருக்கலாம். நாலைந்து பாகங்களையாவது துடைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

காயலான் கடையில் என்ஜினைக் கேஸ் சுடரால் வெட்டுபவரிடமும் அதே நிதானம். ‘பட்’டென்று பற்றும் சுடரை நீல ஊசியாக அடக்கி, இரும்பு நன்றாகப் பழுத்த பிறகே ஆக்சிஜனைத் திறப்பார். பொறி சீறிக் கொட்டும். கோடு மட்டும் கோணாது.