ஸ்பேனர் தேவையில்லை என்பது பெருமையா?

கோடவுன் ரேக் விற்பவர்கள் இப்போது எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நட்டு வேண்டாம், போல்ட்டு வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். தட்டைத் தாங்கும் பீமைத் தூக்கி மாட்டினால் ஸ்பிரிங் பின் தானாகப் பூட்டிக்கொள்ளும். தட்டின் உயரம் பிடிக்கவில்லையா, சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் எழும்பிவரும் கோடவுன்களுக்கு ரேக் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். இதற்குப் பொறியாளர்கள் தரப்பில் ஒரு வக்காலத்தும் உண்டு: போல்ட்டை முடுக்க மனிதன் மறப்பான், ஸ்பிரிங் மறக்காது. பாதி உண்மை. மீதிப் பாதியோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேலட் ரேக்கில் பீமின் இரு முனைகளிலும் ஒரு தகடு பற்றவைத்திருக்கும். அதிலுள்ள கொக்கிகள் அப்ரைட் எனப்படும் தூணின் துளைகளுக்குள் நுழைந்து, கீழே இறங்கி உட்காரும். பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். ஆகவே சரக்கின் எடைக்குப் பூட்டே தேவையில்லை. வம்பு கீழேயிருந்து வருகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கீழ்த்தட்டுப் பேலட்டை ஒரு சாண் அதிகமாகத் தூக்கிவிட்டால், அது மேல்தட்டுப் பீமின் அடியில் முட்டும். கொக்கி கழன்றால் பீமின் ஒரு முனை சரக்கோடு சரியும். நிலநடுக்கத்தில் பீம் துள்ளுவதும் இதே கதைதான். அதனால்தான் ஐரோப்பியத் தரமான இஎன் 15512, பூட்டு 5 கிலோநியூட்டன் மேல்நோக்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தரம் இணைப்பு ஒன்றுக்கு 1,000 பவுண்டு கேட்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட அரை டன்.

முன்பெல்லாம் இந்த வேலைக்குத் தனியாக ஒரு சேஃப்டி பின் கொடுப்பார்கள். பீமை மாட்டிய பிறகு அதைத் துளையில் செருக வேண்டும். பாதி இடங்களில் அது செருகப்படாமல் டப்பாவிலேயே கிடக்கும். பீமோடு சேர்ந்தே வரும் ஸ்பிரிங் பின் இந்தக் குறையைத் தீர்த்தது. மாட்டும்போது அப்ரைட்டின் முகத்தில் பட்டுப் பின்வாங்கும், துளை வந்ததும் ‘டிக்’ என்று உள்ளே பாயும். நல்ல வேலைப்பாடு. சிமெண்டுத் தூசியும் உரத்தூளும் பறக்கும் கோடவுனில் அந்தப் பின் பாதியில் சிக்கி நிற்பதும் உண்டு. அதைக் கீழேயிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அது பராமரிப்புச் சங்கதி, அதைப் பெரிதாக்க மாட்டேன்.

என் ஆட்சேபம் பூட்டுவதில் இல்லை, திறப்பதில் இருக்கிறது. கட்டைவிரலால் பின்னை இழுத்து, ரப்பர் சுத்தியலால் அடியிலிருந்து இரண்டு தட்டு தட்டினால் பீம் கையோடு வந்துவிடுகிறது. விற்பவர்கள் மார்தட்டிக்கொள்வது இதைத்தான். ஆபத்து முழுவதும் இருப்பதும் இதில்தான்.

ரேக்கில் பீம் பார்ப்பது இரண்டு வேலை. சரக்கைச் சுமப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அப்ரைட்டைப் பிடித்து நிறுத்துவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அப்ரைட் என்பது மெல்லிய இரும்புத் தகட்டை மடித்து, முழுக்கத் துளை போட்ட தூண். ரேக்கின் ஆழவாட்டில் அதைக் குறுக்குச் சட்டங்கள் இழுத்துப் பிடிக்கின்றன. நீளவாட்டில், சாதாரண ரேக்குகளில், பீமை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது. உயரக் கட்டடத்துக்குச் சாரம் கட்டுபவரைக் கேளுங்கள்: சவுக்குக் கம்பம் நிற்பது அதன் பருமனால் மட்டுமல்ல, அடுக்கடுக்காகக் கட்டிய குறுக்குக் கம்புகளால். நடுவில் ஒரு கட்டை அவிழ்த்தால், மேலே ஆள் ஏறும்போது கம்பம் நெளியக்கூடும்.

இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர், 1744லேயே. ஒல்லியான தூண் நசுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடும். நெளியாமல் அது தாங்கும் பாரம், பிடிமானம் இல்லாத நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். நீளம் இரட்டித்தால் தாங்குதிறன் கால்பங்கு. துளைகளுக்கிடையே 50 மில்லிமீட்டர் உள்ள ரேக்கில், 1.5 மீட்டரில் இருந்த முதல் பீமைப் பத்துத் துளை மேலே ஏற்றினால் 2 மீட்டர் ஆகிறது. பார்வைக்கு ஒரு முழங்கால் உயரம்தான். அந்தக் கீழ்ப்பகுதிக்கு ஆய்லர் கணக்கில் மிஞ்சுவது பழைய திறனில் 56 சதவீதம். இணைப்பின் விறைப்பு, தரையில் பதித்த அடித்தகடு, தகட்டின் முறுக்கு என்று பலதும் குறுக்கே வருவதால் நிஜ ரேக்குக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. எண் முன்பின் ஆகலாம், திசை மாறாது.

ஒரு கோடவுனில் (பெயர் வேண்டாம்) இதை நேரில் பார்த்தேன். நாலு தட்டு ரேக், 1.5 மீட்டருக்கு ஒன்று. வரிசையின் கோடியில் மஞ்சள் பலகை: தட்டு ஒன்றுக்கு 2,000 கிலோ. உயரமான மரப்பெட்டிகளைத் தரையிலேயே வைக்க இடம் வேண்டுமென்று ஒரு வரிசையில் முதல் தட்டின் பீம்களை மொத்தமாகக் கழற்றியிருந்தார்கள். கழற்றியவர்கள் பேக்கிங் பிரிவு ஆட்கள். பீம்கள் பூட்டெல்லாம் பழுதில்லாமல், சுவரோரம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பலகை மாறவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, “ஒரு தட்டையே எடுத்துட்டோமே சார், பாரம் கொறஞ்சுதானே இருக்கும்?” என்றார்.

அவர் முட்டாள் இல்லை. கூட்டல் கழித்தலில் அவர் சொன்னது சரி: 8 டன் 6 டன் ஆகிவிட்டது. பாரம் கால்பங்கு குறைந்தது. ஆனால் தரைக்கும் முதல் பீமுக்கும் இடையே தூண் இப்போது 3 மீட்டர் தனியாக நிற்கிறது. ஆய்லர் கணக்கில் அதன் திறன் முக்கால்பங்கு போய்விட்டது. பாரத்தைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டு அவர் ரேக்கை விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அந்தப் பூட்டு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையில் ஒரு பெட்டி வைக்க எடுத்த முடிவு ஆறு டன் தலைக்குமேல் தொங்கும் முடிவாகிவிட்டது என்பதை அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் உணர்த்தவில்லை.

நட்டு போல்ட்டுக் காலத்தில் என்ன நடந்திருக்கும்? உயரம் மாற்றும் ரேக்கே அப்போது இல்லை என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரேக்க வம்சாவளிக்காரர் டெமட்ரியஸ் கொமினோ லண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்துக்குத் தேவையான அலமாரிகளையும் மேசைகளையும் அடிக்கடி கலைத்துக் கட்ட வேண்டியிருந்த சலிப்பில் பிறந்ததுதான் துளையிட்ட ஆங்கிள். அதை விற்க அவர் தொடங்கிய நிறுவனம் டெக்சியன், 1947. நம்மூர் மருந்துக் கடையிலும் உதிரிபாகக் கடையிலும் இன்றும் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் அதன் வாரிசுதான். அதில் எதையும் எங்கேயும் மாற்றலாம். ஆனால் ஒரு தட்டை நகர்த்த நாலு மூலையிலும் நட்டுகளைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய ரேக்காக இருந்தால் ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் செலவு, செலவென்றால் மேலாளர் கையெழுத்து. அந்தச் சிரமத்துக்குள் ஒரு யோசனை நுழைய இடம் இருந்தது. பத்தில் ஒரு ஃபிட்டராவது “அடித்தட்டை எடுக்காதீங்க” என்று சொல்லியிருப்பார்.

ஸ்பிரிங் பூட்டு அந்தத் தடையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எடுத்த முடிவை, பெட்டி இறக்குபவரின் கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிட்டது. போதாததற்கு, வேறு துளையில் மாட்டியதும் அதே ‘டிக்’. சரியான உயரத்திலும் அதே சத்தம், தவறான உயரத்திலும் அதே சத்தம். பூட்டிவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கேட்பவர் காதில் ‘எல்லாம் சரி’ என்று விழுகிறது.

பயன்படுத்துபவர் தப்புக்குப் பூட்டு என்ன செய்யும் என்பது வழக்கமான பதில். விதிமுறைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. இஎன் 15635 ரேக்குகளுக்கென்று பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. ஆண்டுக்கொரு முறையாவது நிபுணர் சோதனை கேட்கிறது. தயாரிப்பாளரைக் கேட்காமல் தட்டின் உயரத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் பாரப் பலகையையும் மாற்ற வேண்டும் என்கிறது. ஒரு அப்ரைட் எவ்வளவு வளைந்தால் ஆபத்து என்பதற்கு மீட்டர் நீள அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கே கொடுத்திருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் அதே தயாரிப்பாளர், விற்பனைத் தாளின் முதல் வரியில் ‘நீங்களே மாற்றிக்கொள்ளலாம்’ என்று அச்சடித்துவிட்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘எங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது’ என்று பொடி எழுத்தில் போடுகிறார். இந்த இரண்டில் கோடவுன்காரர் எதைப் படிப்பார் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாதா? விற்கும்போது வசதி அவருடையது, விழும்போது தப்பு உங்களுடையது. இதைக் கைநழுவல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வியாபாரத் தந்திரம் என்றே படுகிறது.

வடிவமைப்புத் துறை நண்பர்கள் இந்த இடத்தில் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸை இழுத்து வருவார்கள். அவர் 1960இல் விட்சோ நிறுவனத்துக்காக வடிவமைத்த 606 அலமாரியில் தட்டுகளைக் கருவி எதுவும் இல்லாமல் எடுத்து மாட்டலாம். அறுபது ஆண்டு தாண்டியும் விற்பனையில் இருக்கிறது. எளிமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அருமையான அலமாரிதான், சந்தேகமில்லை. ஆனால் சுவரில் பொருத்திய அலுமினியத் தடத்தில் அந்தத் தட்டு தொங்குகிறது. தட்டை எடுத்தால் சுவர் நெளியாது. அங்கே மாற்றம் மாற்றமாகவே நின்றுவிடுகிறது, பலவீனமாக மாறுவதில்லை. கடையின் சாமான் அலமாரி, சமையலறையின் கம்பித் தட்டு இவற்றுக்கும் இதே சலுகை தரலாம். விழுந்தால் பிஸ்கட் பாக்கெட் விழும். ஆறு மீட்டர் ரேக்குக்கு 606ஐச் சாட்சியாகக் கொண்டுவருபவர்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் சந்தில் ஒரு நாளாவது நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு ரேக் விழுவது ஒரு ரேக்கோடு நிற்பதில்லை என்பதையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் பிரேசிலின் சாவோ லூயிஸ் நகர மொத்தவிலைக் கடையில் உயர ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த காட்சியைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது; ஊழியர் ஒருவர் இறந்தார். அங்கே பூட்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தூண் நெளிந்தால் பக்கத்துத் தூண்களை அது விட்டுவைக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஸ்பிரிங் பூட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? மேல்தட்டுகளுக்கு அது இருக்கட்டும். அடியிலுள்ள இரண்டு பீம்களுக்கு மட்டும் போல்ட்டு வேண்டும் என்கிறேன். தூணின் மிக நீளமான, மிக அதிகம் பாரம் தாங்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் இடிப்பதும் அங்கேதான். போல்ட்டு ஒன்றும் பழங்காலச் சமாச்சாரம் இல்லை. கனத்த சானல் இரும்பில் செய்து போல்ட்டு முடுக்கும் ரேக்குகளை அமெரிக்காவில் உறைகிடங்குகளுக்கும் முரட்டு வேலைக்கும் இன்றும் வாங்குகிறார்கள். இரண்டாவதாக, அப்ரைட்டின் துளைகளுக்குக் கீழிருந்து எண் அடித்து, பாரப் பலகையில் ‘முதல் பீம்: 30ஆம் துளை’ என்று எழுதச் சொல்கிறேன். மில்லிமீட்டர் யாருக்கும் கண்ணால் தெரியாது. முப்பதும் நாற்பதும் வித்தியாசப்படுவது பெட்டி தூக்குபவருக்கும் தெரியும்.

இதை ஒரு விற்பனைப் பிரதிநிதியிடம் சொன்னபோது, எண் அடிப்பதில் பிரச்சினை இல்லை, போல்ட்டு போட்டால் மாட்டும் நேரம் கூடும், ஆர்டர் போய்விடும் என்றார். ஒரு பீமுக்கு முனைக்கு ஒன்றாக இரண்டு போல்ட்டு. ஒரு தட்டுக்கு நாலு. இருநூறு பேலட் வைக்கும் கோடவுனில்கூட, இரண்டு ஆட்களுக்குக் கூடிப்போனால் ஒரு நாள் வேலை.