நாமக்கல் கவிஞரின் புனைவுகள்: ஒரு மதிப்பீடு

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (அக்டோபர் 19, 1888 - ஆகஸ்ட் 24, 1972) கவிஞர், நாடக ஆசிரியர், நாவலாசிரியர், ஓவியர். பழைய சேலம் மாவட்டத்தின் மோகனூரில் பிறந்தவர். கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது. 1930-இல் ராஜாஜி தலைமையிலான வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு வழிநடைப் பாடல் எழுதியதால் புகழ்பெற்றார். 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். 1971-இல் பத்மபூஷண் பெற்றார்.

புனைவும் நாடகமும்

பாடநூல்கள் வழியாக அவரை அறிந்தவர்களுக்கு அவர் தேசியக் கவிஞர் மட்டுமே. 'மாமன் மகள்', 'அரவணை சுந்தரம்' ஆகிய நாடகங்களையும், 'மலைக்கள்ளன்', 'காணாமல் போன கல்யாணப் பெண்' ஆகிய நாவல்களையும் எழுதியவர் அவரே என்பதைப் பலர் அறியார்.

ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி மர்மக் கதைகள் எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கியிருந்தனர். அவர்களின் கதைகளில் 'குற்றவாளி யார்?' என்பதே கேள்வி. 'மலைக்கள்ளனி'ல் கேள்வி வேறு: கள்ளன் என்று ஊர் சொல்பவன் உண்மையில் யார்? காவலர்கள் தேடும் ஒருவன் எளியவர்களுக்குத் துணை நிற்கிறான். மதிப்புடன் உலவும் பெரிய மனிதர்களிடம் குற்றம் இருக்கிறது. போலீஸ்காரரின் மகன் இப்படி எழுதியது கவனிக்கத்தக்கது.

திரைப்படம்

1954-இல் பட்சிராஜா ஸ்டுடியோ இந்நாவலைப் படமாக்கியது. ஸ்ரீராமுலு நாயுடு இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர். நடித்தார். படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இந்தியில் 'ஆசாத்' (1955) உட்படப் பல மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது. ஆனால் அந்த வெற்றியே நூலை மறைத்தது. இன்று 'மலைக்கள்ளன்' என்றால் நினைவுக்கு வருவது நடிகரின் முகம், ஆசிரியரின் பெயரன்று.

இலக்கிய இடம்

குறைகள் உண்டு. கள்ளனின் மாறுவேடத்தை இன்றைய வாசகர் விரைவில் ஊகித்துவிடலாம். பாத்திரங்கள் நல்லவர், தீயவர் என்று பிரிந்து நிற்கின்றன. அறவுரை கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. எனினும் அகிம்சையைப் பாடியவர், சட்டத்துக்கு வெளியே நின்று நீதி வழங்கும் ஒருவனை நாயகனாக்கினார் என்பது அவரை ஒற்றை அடைமொழிக்குள் அடக்க முடியாது என்பதற்குச் சான்று. பாடலில் அவர் சொல்லாமல் விட்ட ஐயம் நாவலில் இருக்கிறது: சட்டமும் நீதியும் ஒன்றுதானா?

அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. படம் பார்த்தவர்கள் நாவலையும் வாசிக்கலாம். பாடல்கள் காட்டாத ஓர் இராமலிங்கம் பிள்ளை அதில் இருக்கிறார்.